ஐம்பது வயதில் வாத்து விளையாட்டு: நான் செய்வது தப்பா?

இந்த வாரம் எடுத்துக்கொண்ட கடிதம் ஆறு பக்கம், கையால் எழுதியது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, மற்றதைச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 49. அரசுக் கருவூலம் ஒன்றில் பில்களைச் சரிபார்க்கும் பிரிவில் கண்காணிப்பாளர். கணவர் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். மகன் பிளஸ் டூ. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனிப்பது இவர்தான். இரவு பத்தரைக்கு மாமியாருக்குக் கடைசி மாத்திரை கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய் வாஷிங் மெஷினைப் போடுகிறார். பக்கத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மொபைலில் ஒரே நிற மிட்டாய்களை வரிசை சேர்த்து உடைக்கும் விளையாட்டு ஆடுகிறார். முக்கால் மணி நேரம். சில நாள் ஒன்றரை மணி நேரம். ஞாயிறு மதியம் வீடு தூங்கும்போது, அக்கா மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் இன்னொரு விளையாட்டு: ஒரு வாத்து ஒரு கிராமத்துக்குள் புகுந்து எல்லோரையும் படுத்தி எடுக்கிறது.

ஒரு ராத்திரி மகன் தண்ணீர் குடிக்க வந்தவன் பார்த்துவிட்டான். ஜூன் மாதம் அவனுடைய போனை வாங்கிப் பீரோவில் பூட்டியவர் இவர். "எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனவன் இரண்டு வாரமாகச் சரியாகப் பேசவில்லை. கணவருக்கு விஷயம் தெரிந்ததும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்த தம்பியிடம், "அம்பது வயசுல உங்க அண்ணி வாத்து மேய்க்கிறா" என்றாராம். அப்புறம் தனியாக, "இப்படித்தான் ஆரம்பிக்கும், கடைசியில ரம்மில போய் நிக்கும்" என்றும் எச்சரித்திருக்கிறார்.

கேள்விகள் இவை. நான் அடிமையாகிவிட்டேனா? இரண்டையும் அழித்துவிடட்டுமா? இந்த நேரத்தில் இந்தி படிக்கலாம், கல்யாணத்துக்கு முன் வாசித்த வீணையைத் தூசி தட்டலாம், ஏன் என்னால் முடியவில்லை? இந்த மாதிரி விளையாட்டு மறதி நோயைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன், அது உண்மையா? மூன்று மாதத்தில் 1,260 ரூபாய் செலவாகிவிட்டதைக் கடைசிப் பக்கத்தில், மற்ற எழுத்தைவிடச் சிறியதாக எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வாத்தைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் எனக்கும் அதைத் தெரியும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நான்கு நண்பர்கள் சேர்ந்து செய்து 2019 செப்டம்பரில் வெளியிட்டது. ஒருவர் தங்களுக்குள் பேசும் அரட்டையில் சும்மா ஒரு வாத்துப் படத்தைப் போடப்போய், அதிலிருந்து பிறந்தது. 'இன்னும் பெயர் வைக்காத வாத்து விளையாட்டு' என்கிற பொருளில்தான் அதன் ஆங்கிலப் பெயரே இருக்கிறது. அந்த வாத்துக்கு ஒரு வேலைப் பட்டியல் உண்டு. தோட்டத்துக்குள் நுழை. தோட்டக்காரரை நனைத்துவிடு. அவருடைய சாவியைத் திருடு. சருகு வாரும் வாரியை ஏரியில் போடு. கத்துவதற்கென்றே தனியாக ஒரு பொத்தானும் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "அந்த ஆள் திரும்பிப் பார்க்காத நேரத்தில் பின்னால் போய்க் கத்தும்போது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வருகிறது. இரண்டு வருடத்தில் நான் அப்படிச் சிரித்தது அதற்குத்தான்."

அந்த வரியில் கொஞ்சம் நின்றுவிட்டேன். உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று கடிதத்திலேயே இருக்கிறது. பில்லில் ஒரு ரூபாய் இடித்தால் திருப்பி அனுப்ப வேண்டும்; அனுப்பினால் எதிரே நிற்பவரின் முகச்சுளிப்பு; அனுப்பாமல் விட்டால் தணிக்கையில் உங்கள் தலை உருளும். வீட்டுக்கு வந்தால் பிரிட்ஜ் கதவில் மாமியாரின் மாத்திரைப் பட்டியல். காலை மாத்திரை, மதிய மாத்திரை, இரவு மாத்திரை. ஒன்றை டிக் அடித்தால் மறுநாள் அதே இடத்தில் அதே மாத்திரை காத்திருக்கிறது. வாத்துக்கும் பட்டியல்தான். ஆனால் அதில் ஒரு வேலையை முடித்தால் கோடு போட்டு அடித்துவிடுவார்கள்; அடித்தது அடித்ததுதான். முடிக்காவிட்டாலும் யாருக்கும் எதுவும் ஆகாது. தோட்டக்காரர் துரத்திவந்து சாவியைப் பிடுங்கிக்கொள்வார், அவ்வளவுதான். வாத்து சாகாது, மதிப்பெண் குறையாது, மெமோ வராது. நாள் முழுக்கத் தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு, தப்பு செய்வதையே வேலையாகக் கொடுக்கும் ஒரு விளையாட்டு பிடித்துப்போவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வீணையை எடுக்க முடியாததற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து வீணையைத் தொட்டால் விரல் வலிக்கும், சுருதி சேராது, 'முன்பு எப்படி வாசித்தோம்' என்ற கணக்கு மனதுக்குள் ஓடும். இந்தியும் அப்படியே. இரண்டும் நல்ல விஷயங்கள். ஆனால் இரண்டிலும் ஒரு பரீட்சை ஒளிந்திருக்கிறது. காலை ஐந்து மணியிலிருந்து பரீட்சை எழுதிக்கொண்டே இருப்பவர் இரவு பத்தரைக்கு இன்னொரு பரீட்சைக்கு உட்கார மாட்டார். அசட்டு விளையாட்டு உங்களைச் சோதிப்பதில்லை. அதனால்தான் கை தானாக அதனிடம் போகிறது.

இது மொபைலோடு வந்த புதுப் பழக்கமும் இல்லை. பல்லாங்குழியை எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து ஆடும் ஆட்டமாகத்தான் பலருக்குத் தெரியும். ஒரே ஆள் தனியாக ஆடும் வகையும் உண்டு. சீதைப் பாண்டி என்பார்கள். அசோகவனத்தில் சீதை ஆடியது என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். எதிராளி இல்லாததால் அதில் தோற்பதற்கு யாரும் இல்லை. சோழி ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போய்க்கொண்டே இருக்கும். நெல் அவித்து, மாடு கறந்து, பத்துப் பேருக்கு ஆக்கிப்போட்ட பெண்கள் மத்தியான வேளையில் திண்ணையில் அதை ஆடினார்கள். அவர்களிடம் போய், "இந்த நேரத்தில் நாலு எழுத்துப் படிக்கலாமே" என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். (நான் பயிற்சி எடுத்த காலத்தில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த ஐந்து நிமிடத்தில் நோக்கியா 3310-இல் பாம்பு வளர்த்திருக்கிறேன். அதை இதுவரை எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை.)

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

இது அடிமைத்தனமா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'விளையாட்டுக் கோளாறு' என்று ஒன்று சேர்க்கப்பட்டிருப்பது உண்மைதான். உங்களைப் பயமுறுத்திய செய்தி அதுவாக இருக்கலாம். ஆனால் அது நேரத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் நோய் இல்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கைமீறிப் போயிருக்க வேண்டும். சாப்பாடு, வேலை, உறவு எல்லாவற்றையும் விளையாட்டு பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும். கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் தொடர வேண்டும். இவற்றால் வாழ்க்கை கண்கூடாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவும் பொதுவாக 12 மாத காலம் நீடித்திருக்க வேண்டும்.

உங்கள் கதையில் மாமியாருக்கு ஒரு மாத்திரை தவறியதாக இல்லை, அலுவலகத்தில் ஒரு பில் தேங்கியதாக இல்லை. மாமியார் குரல் கொடுத்தால் மொபைலை அப்படியே கவிழ்த்துவிட்டு ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கைமீறிப் போனவர்கள் அப்படி ஓட மாட்டார்கள். ஆகவே அந்தச் சொல்லை உங்கள் மேல் ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆடிய நாட்களைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அந்த நாட்களில் எப்போது நிறுத்தினீர்கள்? 'போதும்' என்று தோன்றியபோதா, கண் எரிந்தபோதா? சுவரிலும் தரையிலும் அப்பியிருக்கும் அழுக்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் ஒரு விளையாட்டு இருக்கிறது. (ஆமாம், அதையும் காசு கொடுத்து வாங்கி ஆடுகிறார்கள், வீட்டில் பாத்திரம் காத்திருக்கும்.) அதை ஆடுபவர்களின் மனநிலையை ஆட்டத்துக்கு நடுவிலேயே கேட்டுப் பதிவு செய்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். மனம் கொஞ்சம் லேசாகிறது என்பது தெரிந்தது. பெரிய அளவில் இல்லை, கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் பெரும்பாலும் முதல் கால் மணி நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. மனம் லேசாவதற்குத்தான் ஆடுகிறீர்கள் என்றால், பத்தே முக்காலுக்கே உங்களுக்குச் சேரவேண்டியது ஏறக்குறைய சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் போவது உங்கள் தூக்கத்தின் கணக்கிலிருந்து. இரவு இரண்டு மணிக்கு மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்க எழவேண்டிய உங்களுக்கு அந்தக் கணக்கில் இருப்பே குறைவு.

மறதிக்கு மருந்தா?

இல்லை. இதை உடைத்துச் சொல்லிவிடுவது நல்லது. 'மூளைப் பயிற்சி' என்று விற்கப்படும் விளையாட்டுகளே அதைச் செய்யும் என்று நிரூபிக்கப்படவில்லை. லுமோசிட்டி என்ற பெயரில் அப்படிப்பட்ட விளையாட்டுகளை விற்ற நிறுவனம், வயதாவதால் வரும் மறதியைத் தள்ளிப்போடலாம் என்று விளம்பரம் செய்தது. ஆதாரம் இல்லாமல் சொன்னதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கைக்கு உள்ளாகி, 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டியது. மிட்டாய் உடைத்தால், மிட்டாய் உடைப்பதில் கெட்டிக்காரி ஆவீர்கள். மறதியைப் பற்றிக் கவலை இருந்தால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள், நடங்கள், தூங்குங்கள்.

இதைக் கறாராகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'மூளைக்கு நல்லது' என்பது நீங்களே உங்களுக்கு எழுதிக்கொண்ட சிபாரிசுக் கடிதம். அரை மணி நேரம் சும்மா இருப்பதற்குக்கூட ஒரு பயன் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் கணவர் ராத்திரி கிரிக்கெட் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது எந்த நோய்க்கு மருந்து என்று யாராவது அவரைக் கேட்டார்களா? வாத்துக்கும் சான்றிதழ் தேவையில்லை.

வாத்து வேறு, மிட்டாய் வேறு

உங்கள் கடிதம் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறது. நான் பிரித்துப் பார்க்கிறேன். வாத்து விளையாட்டை ஒரு முறை காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது. உங்கள் விஷயத்தில் அக்கா மகன் வாங்கிவிட்டான். அதற்கு மேல் அது உங்களிடம் எதுவும் கேட்காது. ஒரு கதை இருக்கிறது, கடைசிக் காட்சி இருக்கிறது, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். நீங்கள் ஒரு மாதம் எட்டிப் பார்க்காவிட்டால், 'வாத்து உங்களைத் தேடுகிறது' என்று செய்தி அனுப்பாது.

மிட்டாய் விளையாட்டு இலவசம். இலவசமாகக் கொடுக்கும் கடை எங்கே சம்பாதிக்கிறது என்று கருவூலத்தில் இருப்பவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த வகை விளையாட்டுகளில் முடிவு என்று ஒன்று கிடையாது. புதிது புதிதாகக் கட்டங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். தோற்றால் 'உயிர்' குறையும். உயிர் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு. இரண்டே மிட்டாய் பாக்கி இருக்கும்போது நகர்த்தல் தீர்ந்துவிடும், உடனே 'இன்னும் ஐந்து நகர்த்தல் வேண்டுமா?' என்று கேட்கும். நீங்கள் காசு கட்டியதெல்லாம் அந்த மாதிரி இடங்களில்தான் என்று நினைக்கிறேன். மொத்தமாகத் தோற்றால் மனம் விட்டுவிடும். 'அடடா, கொஞ்சத்தில் போச்சே' என்று தோற்கும்போதுதான் கை நீளும். அந்த இடத்தில் கேட்டால் கொடுப்பார்கள் என்று தெரிந்துதான் அங்கே கேட்கிறார்கள். உங்கள் பலவீனம் என்று வருத்தப்பட வேண்டாம். ஆனால் கதவைச் சாத்திவிடுங்கள்.

சாத்துவது எளிது. மொபைலில் செயலிகள் வாங்கும் கடைக்குள் போய், பணம் செலுத்தும் வழி என்று சேமித்திருக்கும் யுபிஐ அல்லது அட்டை விவரத்தை நீக்குங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, நீங்கள் அறியாமல் மாதா மாதம் போகும்படி எதற்காவது ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்களா என்று பார்த்து ரத்து செய்யுங்கள். அந்த விளையாட்டின் அறிவிப்புகளை நிறுத்துங்கள். இதற்குப் பிறகும் அது உங்களுக்குச் சுகமாக இருந்தால் ஆடுங்கள். காசுக் கதவு மூடியதும் எரிச்சல்தான் மிச்சம் என்று தெரிந்தால் அழித்துவிடுங்கள், நஷ்டமில்லை. வாத்தை அழிக்கச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ரம்மியில் போய் நிற்குமா?

உங்கள் கணவரின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆன்லைன் ரம்மியில் வீட்டை இழந்தவர்களையும் உயிரை விட்டவர்களையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே தெரு இல்லை. பணத்தைக் கட்டி, அதைவிட அதிகப் பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆடுவது ஒன்று. இழந்ததை எடுத்துவிடலாம் என்ற ஆசைதான் அங்கே ஆளை உள்ளே இழுக்கும். உங்கள் மிட்டாய் விளையாட்டில் காசு போகும், திரும்ப வராது. வரும் என்று நீங்களும் நினைப்பதில்லை.

சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடுவதை ஒரு வகையாகவும், பொழுதுபோக்குக்காக ஆடுவதை வேறு வகையாகவும் வைத்திருக்கிறது. முதல் வகையை நடத்துவதற்கும் விளம்பரம் செய்வதற்கும் தடை. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரத்துக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. இந்தச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. உங்கள் இரண்டு விளையாட்டுமே இரண்டாம் வகை. இருந்தாலும் ஒன்று கவனியுங்கள்: மிட்டாய்க்கு நடுவே, 'பதிவு செய்தால் போனஸ்' என்று சீட்டுக்கட்டு விளம்பரம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடாதீர்கள். தொட்டு ஏதாவது பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

மகன் கேட்டது

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது இதுதான். பையன் கேட்டது நியாயமான கேள்வி. "அவன் ஆடுவது சுடுகிற விளையாட்டு, என்னுடையது சாது" என்று ஒரு சமாதானம் எழுதியிருக்கிறீர்கள். அதை அவனிடம் சொல்லாதீர்கள், எடுபடாது. அவன் ஆடுவது மூன்று நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆடுவது என்று நீங்களே எழுதுகிறீர்கள். நம் காலத்தில் தெருமுனையில் கிட்டிப்புள் ஆடியவர்களுக்குத் தெரு எப்படியோ, அவனுக்கு அது அப்படி. ஜூனில் நீங்கள் போனை மட்டும் பூட்டவில்லை.

போய்ப் பேசுங்கள். நீளமாக வேண்டாம். "நானும் ஆடுறேன்டா. ஆடினா மனசு லேசாகுது. அதை மறைச்சது தப்பு. உனக்கும் அப்படித்தான் இருக்கும்னு யோசிக்காம பூட்டிட்டேன்" என்று சொன்னால் போதும். பிளஸ் டூ வருடம், படிப்பு முக்கியம் என்பதை அவனும் மறுக்க மாட்டான். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தக் கட்டுப்பாடு உங்கள் மொபைலுக்கும் சேர்த்து இருக்கட்டும். பதினொரு மணிக்கு இரண்டு போனும் ஒரே அலமாரியில் தூங்கட்டும். பீரோ வேண்டாம், பூட்டு வேண்டாம்.

இன்னொன்று. 2020-இல் அந்த வாத்து விளையாட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வசதியை இலவசமாகச் சேர்த்தார்கள். இரண்டு வாத்துகள். ஒன்று தோட்டக்காரரைத் திசைதிருப்ப, மற்றது சாவியைத் தூக்கலாம். ஒரு ஞாயிறு கூப்பிட்டுப் பாருங்கள். வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள், அடுத்த ஞாயிறு சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பான்.

வாஷிங் மெஷின்

கடைசியாக இதைக் கேட்க வேண்டும். "இரண்டு துண்டைப் போட்டாவது மெஷினை ஓடவிடுவேன், சத்தம் இருந்தால் வேலை செய்கிறேன் என்று நினைப்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நிறைய பேர் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். குடியை மறைப்பவர்கள், கடனை மறைப்பவர்கள். ஓய்வை மறைப்பதற்கு இரண்டு துண்டைத் துவைத்தவர் நீங்கள்தான்.

கடிதத்தை மறுபடி படித்து ஒரு கணக்கு எடுத்தேன். மாமியாருக்காகச் செய்யும் வேலைகளில் 'நான்' என்று தொடங்குபவை பதினொன்று. 'அவர்' என்று கணவரைப் பற்றி வருவது ஒன்று: சிரித்தார். உங்கள் கணவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கடை, கடன், தவணை என்று அவருக்கும் பாரம் இருக்கும். ஆனால் படுத்திருப்பவர் அவருடைய அம்மா. இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைப்பதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் செய்யலாம். இதைச் சண்டையின் நடுவில் கேட்காதீர்கள், வாத்துப் பேச்சு வரும்போதும் கேட்காதீர்கள். கடை மூடியிருக்கும் ஒரு நாள் காலையில், பதினொன்றையும் ஒரு தாளில் எழுதி, "இதில் எது எதை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் பில் சரிபார்ப்பவர், பட்டியல் போடுவது உங்களுக்குப் புதிதில்லை.

வெளி உதவியும் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ மாமியாரின் பெயரைப் பதிவு செய்யுங்கள். மாதத்தில் சில நாள் இன்னொருவர் கை உங்கள் வீட்டில் வேலை செய்தாலே மூச்சு விட முடியும்.

இரண்டு வருடத்தில் வாத்துக்கு மட்டும்தான் சிரித்தேன் என்பதை நான் அழகான வரி என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிட முடியாது. காரணமில்லாமல் அழுகை வருகிறதா, பிடித்த எதுவும் பிடிக்காமல் போயிருக்கிறதா, படுத்தும் தூக்கம் வராமல் இருக்கிறதா? இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே போக முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும், கட்டணமில்லை. நோயாளியைக் கவனிப்பவரே சத்தமில்லாமல் நோயில் விழுவதை அடிக்கடி பார்க்கிறோம். அப்படி இருந்தால் அதை விளையாட்டு சரிசெய்யாது, விளையாட்டை அழிப்பதும் சரிசெய்யாது.

அதுவரை, பக்கெட்டை நிமிர்த்தி வையுங்கள். கூடத்தில் நாற்காலி இருக்கிறது. கிரிக்கெட் ஓடும் அதே கூடத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அரை மணி நேரம் ஆடுங்கள். முதல் இரண்டு நாள் ஏதாவது பேச்சு வரும். வரட்டும்.

பின்குறிப்பு: தோட்டக்காரரை வெயில் தொப்பி போடவைக்க முடியவில்லை என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். முதலில் அவர் தலையில் இருக்கும் தொப்பி போக வேண்டும். அவர் எதற்காவது குனியும் நேரம் பார்த்து, பக்கத்திலேயே நின்று, அலகால் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுங்கள். வேறு வழியில்லாமல் அந்த இன்னொரு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொள்வார்.